பெங்களூரில் படம் பார்த்துவிட்டுப் பேச வருகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை, அல்சூரில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் பத்துப் பதினைந்து பேர் கூடி, சமீபத்தில் பார்த்த படங்களைப் பற்றிப் பேசுகிறோம். சங்கமும் இல்லை, சந்தாவும் இல்லை. புதிதாக வருகிறவர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். பதில்களில் என் அபிப்பிராயம் தூக்கலாகவே இருக்கும். மாடியில் வேறு மாதிரி நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் தங்கள் பங்குக்குத் தனியாக எழுதிக்கொள்ளட்டும்.

இது திரைப்பட விமர்சனக் கூட்டமா?

இல்லை. விமர்சகருக்குப் படம் பார்ப்பது வேலை. நமக்கு அது சனிக்கிழமைச் சமையலை முடித்து, வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, இருட்டில் இருக்கை எண்ணைத் துழாவி உட்கார்ந்து பார்த்த படம். அங்கிருந்து பேசினால் போதும். உலக சினிமா வரலாறு தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அது தெரிந்தவர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே நேரம்தான் அவர்களுக்கும்.

"படம் நன்றாக இருந்தது" என்று மட்டும் சொன்னால் போதாதா?

போதாது. உங்களைக் கேட்கிறவர் அதை வைத்து ஒரு முடிவு எடுக்கப் போகிறார். பணம் கட்டிப் போகலாமா, அம்மாவை அழைத்துப் போகலாமா, வீட்டிலேயே காத்திருந்து பார்க்கலாமா என்று அவர் மனத்தில் கணக்கு ஓடுகிறது. "நன்றாக இருந்தது" என்பது அந்தக் கணக்குக்கு உதவாது. எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் கைபேசியை எடுத்து மணி பார்த்தீர்கள் என்று சொன்னால் உதவும்.

அதோடு நீங்கள் எந்த நிலைமையில் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சென்ற மழைக்காலத்தில் ஒருவர் ஒரு படத்தைத் தலைவலி என்றார். எந்தக் காட்சியில் தொடங்கியது என்று கேட்டோம். பெயர் போடும்போதே என்றார். மேலும் விசாரித்ததில், முன்னாலிருந்து இரண்டாவது வரிசை, ஓரத்து இருக்கை, ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. அவருடைய தலைவலிக்கு இயக்குநரைப் பொறுப்பாக்க முடியாது. இரவு வேலை முடித்துத் தூங்காமல் காலைக் காட்சிக்குப் போனவர், மனைவியோடு சண்டை போட்டுவிட்டுத் தனியாகப் போனவர், அரங்கு நிறைந்து விசில் பறந்த கூட்டத்தில் உட்கார்ந்தவர், செவ்வாய்க்கிழமை மதியம் ஆறு பேரோடு பார்த்தவர் என்று ஒரே படத்தை நாலு பேர் நாலு விதமாகப் பார்த்திருப்பார்கள். நகைச்சுவைப் படம் என்றால் இது இன்னும் முக்கியம். காலி அரங்கில் சிரிப்பு வருவது கஷ்டம்.

முதல் நாள் முதல் காட்சி பார்த்துவிட்டேன். சென்னையில் இருக்கும் தம்பிக்கு உடனே சொல்லலாமா?

பெங்களூர்த் தமிழர்களுக்கென்றே வாய்த்த தர்மசங்கடம் இது. கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2023 ஜனவரியில், சென்னையில் ஓர் அதிகாலைக் காட்சியின் கொண்டாட்டத்தில் ஓர் இளைஞர் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதன் பிறகு தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கும் காலை ஒன்பது மணிக்கு முன்னால் காட்சி இல்லை என்றாகிவிட்டது. பெங்களூரில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நட்சத்திரப் படங்களுக்கு இங்கே நாலு மணி, ஐந்து மணிக்கெல்லாம் காட்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓசூர் இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து இளைஞர்கள் நள்ளிரவில் பைக்கில் கிளம்பி அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். 2024 டிசம்பரில் ஒரு தெலுங்குப் படத்துக்கு விடியற்காலைக் காட்சிகள் அறிவித்தபோது, காலை ஆறரைக்கு முன் காட்சி கூடாது என்கிற கர்நாடக விதியைக் காட்டி மாவட்ட நிர்வாகம் தடுத்தது. ஆறரை என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால், இங்கே எட்டு மணிக்கு இடைவேளை. இடைவேளையும் சேர்த்து ஒன்பதரை வாக்கில் நாம் வெளியே வந்து காபிக்கு வரிசையில் நிற்கிறோம். சென்னையில் அப்போதுதான் நாயகன் அறிமுகமாகிக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில் நீங்கள் அனுப்புகிற ஒரு வரி, அரங்குக்குள் உட்கார்ந்திருக்கும் தம்பியின் கைபேசியில் மின்னும். வில்லன் யார், கடைசியில் யார் வந்து தலைகாட்டுகிறார், தொடர்ச்சி உண்டா என்பதையெல்லாம் அப்போது சொல்வது பாவம். அதைவிடப் பெரிய பாவம், "ஒன்றும் எதிர்பார்க்காதே" என்று அனுப்புவது. அவன் டிக்கெட் வாங்கி உள்ளே போய்விட்டான். இனி அந்தத் தகவலை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? எங்கள் வழக்கம் இது: கேட்காதவருக்கு அன்று முழுக்க எதுவும் அனுப்புவதில்லை. கேட்டவருக்கு, அவர் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை என்றால் மட்டும், போகலாமா வேண்டாமா என்று ஒரே வார்த்தை. மீதியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

கதையை எவ்வளவு சொல்லலாம்?

டிரெய்லரில் இருப்பது வரை தாராளமாக. அதைத் தாண்ட வேண்டுமென்றால் முதலில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பார்க்காதவர்கள் மாடியின் மறுகோடிக்குப் போய்த் துளசித் தொட்டி பக்கத்தில் நின்று ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேசி முடித்ததும் கூப்பிடுவோம்.

மெட்ரோவில் திரும்பும்போதும் இது பொருந்தும். எம்.ஜி. ரோட்டில் ஏறி அல்சூரில் இறங்குவதற்குள் கிளைமாக்ஸை உரக்கப் பேசி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பர்ப்பிள் லைனில் தமிழ் புரியாது என்று எந்த தைரியத்தில் நினைக்கிறார்களோ தெரியவில்லை.

முழுப் படமும் பார்க்கவில்லை. பேசலாமா?

பேசலாம், முதலிலேயே சொல்லிவிட்டு. இடைவேளையில் எழுந்து வந்தால், ஏன் வந்தீர்கள் என்பதே ஒரு கருத்துதான். தூங்கிப்போனவர்கள் தூங்கிய பகுதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

மார்க் போடலாமா?

போடாமல் இருந்தால் நிம்மதி. ஆனந்த விகடன் மார்க்கைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது, புரிகிறது. நூற்றுக்கு நாற்பத்திரண்டு வாங்கினால் தேறிய படம், ஐம்பதைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்பதெல்லாம் வாசகர்களுக்கு மனப்பாடம். 1977இல் வந்த 'பதினாறு வயதினிலே' படத்துக்கு விகடன் கொடுத்த 62.5 மார்க்கை இன்றும் ஒரு சாதனையாகப் பேசுகிறார்கள். ஒரே பத்திரிகை, ஒரே தராசில் வாராவாரம் நிறுத்தபோது அந்த எண்ணுக்கு எடை இருந்தது. நம் மாடியில் ஒருவருடைய ஆறு இன்னொருவருடைய மூன்று. எண்ணைச் சொன்னதும் பேச்சு எண்ணைப் பற்றியதாக மாறிவிடுகிறது. படம் எங்கேயோ போய்விடுகிறது. ஐந்துக்கு மூன்றே கால் என்கிறவர்களிடம் அந்தக் காலை எங்கே குறைத்தீர்கள் என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

எனக்கு சினிமா நுட்பம் எதுவும் தெரியாது. நான் என்ன பேச?

உங்களுக்குத் தெரிந்ததைப் பேசுங்கள். மாடியில் கேட்ட நல்ல பேச்சுகள் பெரும்பாலும் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு பற்றியவை அல்ல. அவரவர் தொழிலிலிருந்தும் அவரவர் ஊரிலிருந்தும் வந்தவை.

எங்களோடு வருகிறவர்களில் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். ஒரு குடும்பப் படத்தில், வெண்டிலேட்டரில் இருக்கும் அம்மா மகனிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கண்ணை மூடுகிறார். செவிலியர் சொன்னார்: "அந்தக் குழாய் வாய் வழியாகப் போய் இரண்டு குரல்நாண்களுக்கும் நடுவே இறங்குகிறது. முனகுவதற்குக்கூடக் குரல் வராது. நினைவோடு இருப்பவர்களுக்கு அட்டையும் பேனாவும் கொடுப்போம். கை நடுங்கி, எழுத்து ஒன்றின்மேல் ஒன்று விழும். பெரும்பாலும் 'தண்ணீர்' என்றுதான் எழுதுவார்கள்." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, "ஆனால் அந்தக் காட்சியில் நான் அழுதேன். அது வேறு விஷயம்" என்றார். ஒரு காட்சி பொய்யாக இருக்கலாம், அதே காட்சி அழவும் வைக்கலாம் என்பதை இதைவிட நன்றாக எந்தப் பத்திரிகை விமர்சனத்திலும் நான் படித்ததில்லை.

ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவர் படத்தில் ஊரைப் பார்க்கிறவர். ஒரு காதல் படத்தில், 2009இல் நடப்பதாகச் சொல்லிக்கொண்டே நாயகனை எம்.ஜி. ரோடு மெட்ரோ நிலையத்தில் ஏற்றிவிட்டார்கள். இவர் கையை உயர்த்திவிட்டார். பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரை முதல் மெட்ரோ ஓடத் தொடங்கியதே 2011 அக்டோபரில். "2009இல் அந்த இடம் முழுக்கத் தகரத் தடுப்பு. நான் சவாரியை ஏற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் போனேன். இவன் எப்படி மெட்ரோவில் போனான்?" என்று அவர் கேட்டபோது அத்தனை பேரும் சிரித்தோம். பிளாசா தியேட்டர் நின்ற இடம்தான் அந்த நிலையம் என்று ஒரு பெரியவர் எடுத்துக்கொடுக்க, பேச்சு பிளாசா, லிடோ, 2018 முடிந்ததோடு மூடிய ரெக்ஸ் என்று மூடிப்போன அரங்குகளின் பட்டியலுக்குத் தாவி, அன்று எடுத்துவைத்திருந்த மற்ற இரண்டு படங்களுக்கும் நேரம் கிடைக்கவில்லை.

கோலார் தங்கவயலிலிருந்து வருகிறவரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அங்கே சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரியில். அதற்குப் பிறகு அந்த ஊர்த் தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து, இரவில் திரும்புகிறார்கள். இவரும் அப்படி வந்துகொண்டிருந்து, பிறகு இங்கேயே குடியேறியவர். 2024 ஆகஸ்ட் 15 அன்று பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தது. தங்கவயலின் தொடக்க காலத்தை எடுத்துக்கொண்ட படம். மாடியில் அதைப் பற்றி இரண்டு கட்சி. மாயமும் கனவும் கலந்து சொன்ன விதம் குழப்புகிறது என்று ஒரு பக்கம், அதுதான் படத்தின் பலம் என்று இன்னொரு பக்கம். இவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் என்றும், அடியில் பாறையைத் தொட்டால் கை சுடும் என்றும், அப்பா வேலை முடிந்து வந்ததும் முதலில் சட்டையைப் பிழிவார் என்றும் சொன்னார். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கழிவாக ஊருக்கு நடுவே மலை மலையாகக் குவிந்திருக்கும் சயனைடு மண்ணில் சிறுவயதில் சறுக்கி விளையாடியதையும் சொன்னார். படம் பிடித்ததா என்று கடைசியில் ஒருவர் கேட்டார். "எங்கள் ஊரை எங்கள் ஆட்கள் கதையாகப் பார்ப்பது இதுவே முதல் தடவை. பிடித்ததா என்று யோசிக்க இன்னும் நேரம் வரவில்லை" என்றார். அன்று படத்தின் குறைகளை அடுக்கக் காத்திருந்தவன் நான். என் குறிப்புத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்தக் குறைகள் இப்போதும் இருக்கின்றன என்றே நினைக்கிறேன். அன்றைக்கு அவற்றுக்கு அவசரமில்லை.

ஐடி நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரையில் பச்சை எழுத்து ஓடுவதெல்லாம் ஹேக்கிங் இல்லை என்று எங்களுக்கும் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் சொல்ல வேண்டாம்.

டிக்கெட் விலையைப் பற்றிப் பேசுவது அற்பத்தனமா?

இல்லவே இல்லை. தமிழ்நாட்டில் அரசு உச்சவரம்பு வைத்திருப்பதால், மல்டிபிளெக்ஸில்கூட சாதாரண டிக்கெட் வரியோடு இருநூறு ரூபாயை ஒட்டியே நிற்கிறது. இங்கே நட்சத்திரப் படத்தின் முதல் வார இறுதியில் அதே மாதிரி இருக்கைக்கு ஐந்நூறு, அறுநூறு சர்வ சாதாரணம். 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு வரி நீங்கலாக 200 ரூபாய்க்கு மேல் கூடாது என்று அறிவித்தது. அதே மாதம் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டுவிட்டது. நாலு பேர் குடும்பம், பாப்கார்ன், போக்குவரத்து என்று சேர்த்தால் ஒரு மாதத்துப் பால் கணக்கு. சேலத்தில் இருக்கும் மைத்துனர் அதே படத்தைப் பரவாயில்லை என்பதும், நாம் கொதிப்பதும் ரசனை வித்தியாசம் மட்டுமில்லை. ஆகவே எவ்வளவு கொடுத்துப் பார்த்தீர்கள் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். தனித் திரையரங்கில் பாதி விலையில் பார்த்தவர்கள் அரங்கின் பெயரையும் சொன்னால் புண்ணியம்.

ஓடிடியில் பார்த்தவர்களுக்கு இடமுண்டா?

உண்டு. தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. இந்திப் படங்களுக்கு மல்டிபிளெக்ஸ்காரர்கள் எட்டு வாரம் கேட்கிறார்கள். அதனால் தமிழ்ப் படம் என்றால் பொறுத்துப் பார்ப்போம் என்பவர்கள் நம் கூட்டத்தில் பாதிக்குப் பாதி. ஒரே நிபந்தனை: எத்தனை தவணையில் பார்த்தீர்கள் என்று சொல்ல வேண்டும். சமையல் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே மூன்று நாளில் பார்த்தவர், திரைக்கதையில் வேகம் போதவில்லை என்று குறைப்படக் கூடாது.

கன்னட நண்பர்களை அழைத்துவரலாமா? அவர்களுக்குப் புரியுமா?

தாராளமாக அழைத்துவாருங்கள். புரியுமா என்ற கேள்வியை மட்டும் அவர்கள் காதுபடக் கேட்டுவிடாதீர்கள். கன்னடத் திரையுலகம் 1960களிலிருந்து பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் டப்பிங் செய்ய விடாமல் பல்லாண்டு வைத்திருந்தது. எழுதப்படாத அந்தத் தடையை 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் தவறென்று சொல்லி அபராதம் போட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. இதனால் விளைந்த ஒரு நல்லது, பெங்களூரின் நடுவயதுக் கன்னடர்கள் தமிழ்ப் படத்தைத் தமிழிலேயே பார்த்து வளர்ந்தவர்கள். எங்கள் மாடிக்கு வரும் மல்லேஸ்வரத்துக்காரர் ஒருவருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எண்பதுகளின் பாடல்களை இரண்டாவது சரணம் வரை பாடுவார். மதுரைப் பேச்சுக்கும் கோவைப் பேச்சுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலருக்கு அது முடியாது.

இங்கே மல்டிபிளெக்ஸ் காட்சிகள் சிலவற்றில் ஆங்கில சப்டைட்டில் உண்டு. அதை நம்பிப் பார்க்கும் வடஇந்திய நண்பர்களுக்கு ஒரு குறை: பாட்டு வந்தால் சப்டைட்டில் அடிக்கடி காணாமல் போய்விடுகிறது. அவர்கள் பாட்டு கதையை நிறுத்துகிறது என்பார்கள். பாட்டுக்குள்தான் கதை நகர்ந்தது என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

படத்தைச் சுற்றி அரசியல் சர்ச்சை இருந்தால்?

படத்தைப் பற்றிப் பேசுவோம். 2025 ஜூன் 5 அன்று கமல்ஹாசன் நடித்த 'தக் லைஃப்' மற்ற இடங்களில் வெளியானபோது, கன்னட மொழியின் பிறப்பைப் பற்றி அவர் சொன்ன ஒரு கருத்துக்கு எழுந்த எதிர்ப்பால் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தணிக்கை முடிந்த படத்தைத் திரையிட மாநில அரசு பாதுகாப்புத் தர வேண்டும் என்று அந்த மாதமே நீதிமன்றம் சொன்னது. நம்மில் சிலர் ஓசூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த ஞாயிறு மாடியில் அவர்கள் படத்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். எந்த மொழிக்கு எது தாய் என்ற ஆராய்ச்சி கீழே தெருவிலும் நடக்கவில்லை, மேலே மாடியிலும் நடக்கவில்லை. மல்லேஸ்வரத்துக்காரரும் வந்திருந்தார், அவருக்கு நாங்கள் எடுத்துவைத்திருந்த வடை ஆறியதுதான் அன்றைய ஒரே வருத்தம்.

என் அபிமான நட்சத்திரத்தைத் திட்டுகிறார்கள். என்ன செய்ய?

அவர் உங்களுக்கு உறவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். திட்டுகிறவர்களுக்கும் ஒன்று: நடிப்பைச் சொல்லுங்கள், கதைத் தேர்வைச் சொல்லுங்கள், வயது, எடை, தலைமுடி, குடும்பம் வேண்டாம். நடிகைகள் விஷயத்தில் இது இரட்டிப்பு. வசூல் கணக்கும் வேண்டாம். தயாரிப்பாளரின் வங்கிப் புத்தகத்தை நம்மில் யாரும் பார்த்ததில்லை.

திரையில் ஓடும்போது பத்து விநாடி வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

வேண்டாம். 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டம், அரங்கில் படத்தைத் திருட்டுப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை என்கிறது. அபராதம் மூன்று லட்சம் ரூபாயில் தொடங்கி, படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவிகிதம் வரை போகலாம். பெயர் போடுவதை எடுக்கிறவருக்குத் திருடும் எண்ணம் இல்லை என்று வாதாடலாம்தான். அதை யாரிடம், எங்கே நின்று வாதாடுவது என்பதுதான் கேள்வி. பின்வரிசையில் இருப்பவருக்கு உங்கள் கைபேசி வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்பது சட்டத்துக்கு முன்னாலேயே வரவேண்டிய காரணம்.

யூடியூப் விமர்சனங்களைப் பார்த்துவிட்டு வந்து பேசலாமா?

பார்ப்பது உங்கள் விருப்பம். அவர்கள் சொன்னதையே வந்து ஒப்பிக்காதீர்கள். அதை நாங்களும் பார்த்திருப்போம். 2024 நவம்பரில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் அமைப்பு ஒன்று, முதல் நாள் அரங்கு வாசலில் யூடியூப் சேனல்கள் மக்கள் கருத்து எடுப்பதை அனுமதிக்க வேண்டாம் என்று திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டது. அடுத்த மாதம், முதல் மூன்று நாள் இணைய விமர்சனத்துக்கே தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டி நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. சரியான முடிவு என்பது என் எண்ணம். ஆனால் அரங்கு வாசலில் மைக்கைக் கண்டதும் முழங்குகிறவர்களைப் பார்க்கும்போது தயாரிப்பாளர்களின் வயிற்றெரிச்சலும் புரிகிறது. படம் முடிந்து இரண்டு நிமிடத்தில் யாருக்கும் கருத்து இருக்காது, சத்தம்தான் இருக்கும்.

குழந்தைகள் பார்க்கலாமா என்று கேட்டால் எப்படிச் சொல்வது?

2024இல் வந்த விதிகளின்படி யு/ஏ சான்றிதழே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அது பெற்றோருக்கான வழிகாட்டல். அதற்கு மேல் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்: ரத்தம் எவ்வளவு, திடுக்கிட வைக்கும் சத்தம் உண்டா, நாய் செத்துப்போகிறதா. கடைசிக் கேள்வி எங்கள் மாடியில் ஒரு பத்து வயதுப் பெண் தவறாமல் கேட்பது. நியாயமான கேள்வி.

பெரியவர்கள் சொல்வதை மறுத்துப் பேசலாமா?

பேசலாம், மரியாதையாக. எச்ஏஎல்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர், இன்றைய படங்களில் வன்முறை அதிகம், அந்தக் காலத்து நாயகர்கள் பண்பாக இருந்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் மெல்லக் கேட்டாள்: "தாத்தா, அந்தக் காலத்துப் படங்களில் கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைந்தால் அரங்கமே கைதட்டும் என்று பாட்டி சொன்னாரே?" எல்லோரும் பாட்டியைத் திரும்பிப் பார்த்தோம். முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்த பாட்டி, "ஆமாம். நானும்தான் தட்டினேன்" என்றார். தாத்தா அதற்குப் பிறகு ஒளிப்பதிவைப் பற்றிப் பேசினார்.

எப்போது, எப்படி வருவது? என்ன கொண்டுவர வேண்டும்?

இரண்டாம் ஞாயிறு, மாலை ஐந்தரை. அல்சூர் மெட்ரோவிலிருந்து நடந்துவிடலாம். கார் கொண்டுவராதீர்கள், எங்கள் தெருவில் சைக்கிள் நிறுத்தவே தகராறு. டீ மாடியில் கிடைக்கும். தின்பதற்கு ஏதாவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டோம். பேசப்போகும் படத்தின் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள், பார்க்காதவர்கள் துளசித் தொட்டிப் பக்கம் ஒதுங்கத் தயாராக வருவார்கள். மழை வந்தால் இரண்டாம் மாடி வீட்டின் கூடத்தில். அங்கே எட்டு நாற்காலிதான் உண்டு.